முதியோர் இல்லத்தில் மருந்து ஆய்வு: வீட்டார் கேட்கும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி லாஸ்பேட்டையிலோ ஓர் இல்லத்தில் அம்மாவையோ மாமனாரையோ சேர்த்துவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒருநாள் போன் வரும். "சார், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ட்ரயலுக்குக் கேக்குறாங்க. உங்களுக்குச் சம்மதந்தானே?" அந்தப் போனுக்குப் பதில் சொல்லும்முன் படிப்பதற்காக இதை எழுதினேன். நான் டாக்டர் இல்லை. மருத்துவ ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழு ஒன்றில் பொதுமக்கள் தரப்பு உறுப்பினராக உட்காருகிறேன். வீட்டாரும் இல்ல ஊழியர்களும் வழக்கமாகக் கேட்பவைதான் கீழே இருக்கும் கேள்விகள்.

ட்ரயல் என்றால் அம்மாவைச் சோதனை எலி ஆக்குவதா?

ஒரு மருந்து உண்மையிலேயே பலன் தருகிறதா, கெடுதல் செய்கிறதா என்று முன்கூட்டியே எழுதிவைத்த திட்டப்படி மனிதர்களிடம் பார்ப்பதுதான் மருந்து ஆய்வு. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் எழுதும் மருந்து உங்கள் அம்மாவுக்காக எழுதியது. ஆய்வில் கொடுப்பது ஒரு கேள்விக்கு விடை தேடுவதற்காக. அதில் அம்மாவுக்குப் பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். யாருக்கு எந்த மருந்து என்பதைப் பெரும்பாலும் குலுக்கல் முறையில் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கும். "நல்ல ட்ரீட்மென்ட், இலவசமா கிடைக்குது" என்று சொல்லி யாராவது சேர்க்கப் பார்த்தால், ஆய்வு என்றால் என்னவென்று அவருக்கே தெரியவில்லை. அல்லது உங்களுக்குத் தெரியவேண்டாம் என்று நினைக்கிறார்.

வயதானவர்களை ஏன் இதில் இழுக்கவேண்டும்? விட்டுவிடலாமே?

பல காலம் அப்படித்தான் விட்டிருந்தார்கள். அதனால் என்ன ஆனது? நாற்பது ஐம்பது வயதுக்காரர்களிடம் பார்த்த மருந்து 82 வயது ஆயாவுக்கு எழுதப்படுகிறது. அவருக்குச் சிறுநீரகம் பழைய வேகத்தில் வேலை செய்யாது. பி.பி., சுகர், தைராய்டு, மூட்டுவலி என்று ஏற்கெனவே ஏழெட்டு மாத்திரை உள்ளே போகிறது. அந்த உடம்பில் புது மருந்து என்ன செய்யும் என்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். ஆய்வு நடத்தவில்லை என்பதால் பரிசோதனை நடக்காமல் இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். கணக்கு எழுதாமல் தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மறதிநோய் முற்றியவர்கள் கத்துவார்கள், இரவில் எழுந்து நடப்பார்கள், குளிப்பாட்ட வந்தவரை அடிப்பார்கள். அவர்களை அடக்கிவைக்க மனநோய்க்கான மாத்திரை கொடுக்கும் வழக்கம் எல்லா நாட்டு இல்லங்களிலும் உண்டு. பிரிட்டனில் இல்லங்களில் இருந்தபடி இந்த மருந்தை வாங்கிக்கொண்டிருந்த அல்சைமர் நோயாளிகள் 165 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அதே மருந்து தொடர்ந்தது. மறுபாதிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. முடிவு 2009-ல் வெளியானது. இரண்டு ஆண்டு கழித்து, மருந்தைத் தொடர்ந்தவர்களில் 46 சதவீதம் பேர்தான் உயிரோடு இருந்தார்கள். போலி மாத்திரைக்கு மாறியவர்களில் 71 சதவீதம் பேர் இருந்தார்கள். இல்லத்துக்குள் போய்ப் பார்த்திராவிட்டால் இது தெரிய வந்திருக்காது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களுக்குச் சொந்தமாகச் சம்மதம் சொல்லும் நிலை பெரும்பாலும் இருந்திருக்காது என்பதையும் யோசித்துப் பாருங்கள். இந்த விஷயத்தின் சிக்கலே அதுதான்.

அப்படியானால் ஏன் இவ்வளவு பயம்? எங்காவது தப்பு நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1963-ல் நியூயார்க்கின் புரூக்ளினில், நாள்பட்ட நோயாளிகளுக்கான ஒரு மருத்துவமனையில், தளர்ந்துபோன 22 நோயாளிகளுக்கு உயிருள்ள புற்றுநோய் செல்களை ஊசியில் ஏற்றினார்கள். அது புற்றுநோய் செல் என்று அவர்களிடம் சொல்லவில்லை. செய்ய மறுத்த மூன்று இளம் மருத்துவர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள்.

நம் நாட்டுக் கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்கு கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு திட்டம் நடந்தது. எதிர்ப்பு கிளம்பி 2010-ல் நிறுத்தினார்கள். பிறகு நாடாளுமன்ற நிலைக்குழு தோண்டிப் பார்த்தது. அங்கே வாங்கிய 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதி வார்டன்கள். தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. பிள்ளையைப் பெற்றவர்கள் இருக்க, வார்டன் பேனாவை எடுத்ததுதான் இங்கே கவனிக்கவேண்டியது.

எங்கள் இல்லத்திலும் "வார்டன் சைன் போட்டுட்டாரு, நீங்க கவலைப்படாதீங்க" என்கிறார்கள். செல்லுமா?

செல்லாது. வார்டன், மேலாளர், டிரஸ்டி யாராக இருந்தாலும் சரி, இல்லத்துக்குள் ஆய்வாளர்கள் வரலாமா கூடாதா என்பதற்குத்தான் அவர்கள் அனுமதி கொடுக்கமுடியும். அதற்குமேல் உள்ளே இருக்கும் ஆளின் உடம்பைப் பற்றிச் சம்மதம் சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது. மாதக் கட்டணம் கட்டுகிறோம், பார்த்துக்கொள்கிறார்கள் என்பதால் அந்த உரிமை கைமாறிவிடாது.

மருந்து ஆய்வுகளுக்கான சர்வதேச நடைமுறை விதிகள், யாரெல்லாம் எளிதில் பாதிப்புக்கு ஆளாகக்கூடியவர்கள் என்று ஒரு பட்டியல் தந்திருக்கின்றன. அதில் பராமரிப்பு இல்லங்களில் வாழ்பவர்களைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். காரணம் நமக்கே தெரியும். காலையில் காபி கொடுப்பவர், டயப்பர் மாற்றுபவர், மகனுக்குப் போன் போட்டுத் தருபவர் எல்லாரும் ஒரே கூட்டம். அவர்கள் கூட நின்று "சேர்ந்துக்கங்க தாத்தா" என்றால் தாத்தா எப்படி வேண்டாம் என்பார்? சம்மதம் கேட்கும்போது இல்ல ஊழியர்கள் அறைக்கு வெளியே நிற்கவேண்டும் என்று எங்கள் குழுவில் நான் ஒவ்வொரு முறையும் கேட்பேன். சில ஆய்வாளர்களுக்கு அது தொந்தரவாகத்தான் இருக்கிறது.

அப்பாவுக்கு மறதிநோய். யார் கையெழுத்துப் போடுவது?

அவசரப்பட்டு "அவருக்கு ஒண்ணும் புரியாது" என்று சொல்லிவிடாதீர்கள். மறதிநோய் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதாலேயே முடிவெடுக்கும் திறன் போய்விட்டது என்று ஆகாது. இந்த ஆய்வைப் பற்றி, இந்த நேரத்தில் அவரால் புரிந்து சொல்லமுடிகிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும். கண்ணாடி போட்டிருக்கிறாரா, காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாயங்காலம் ஆக ஆகக் குழப்பம் கூடும் ஆட்கள் நிறையப் பேர். அவர்களிடம் காலை டிபனுக்குப் பிறகு பேசினால் வேறு ஆளாகவே இருப்பார்கள்.

உண்மையிலேயே முடியவில்லை என்றால், சட்டப்படி ஏற்கத்தக்க பிரதிநிதி அவருக்காக ஒப்புதல் தரலாம் என்கின்றன 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள். மனைவி முதலில், மூத்த மகன் அடுத்து என்று அந்த விதிகள் வரிசை போட்டுக் கொடுக்கவில்லை. நடைமுறையில் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் என்றுதான் போகிறது. பிள்ளைகளுக்குள் சண்டை இருந்தால் ஒருவர் கையெழுத்தை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது யாருக்கும் நல்லதல்ல. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து சரி என்கிறார், தினமும் பார்க்க வரும் தங்கை வேண்டாம் என்கிறார் என்றால், என் பார்வையில் தங்கையின் பேச்சுக்குத்தான் எடை அதிகம்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயை வரையறுக்கும்போது நினைவு, இடம் காலம் அறிதல் ஆகியவற்றில் வரும் கடுமையான கோளாறையும் சேர்க்கிறது. ஆகவே முற்றிய மறதிநோய் அதற்குள் வரும். அதன் 99-வது பிரிவுப்படி, ஆய்வுக்கு அந்த நபரின் சொந்தச் சம்மதம் வேண்டும். சம்மதம் தரமுடியாத நிலை, ஆனால் எதிர்ப்பும் காட்டவில்லை என்றால், மாநில மனநல ஆணையத்திடம் அனுமதி வாங்கவேண்டும். சம்மதம் சொல்லக்கூடியவர்களிடமே இந்த ஆய்வைச் செய்யமுடியுமா என்றுதான் ஆணையம் முதலில் கேட்கும். முடியும் என்றால் அனுமதி கிடையாது. அதன் பிறகுதான் நியமனப் பிரதிநிதியின், அதாவது அவர் சார்பில் முடிவு சொல்ல அந்தச் சட்டம் ஏற்பவரின், ஒப்புதலுக்கே இடம். கவனிக்கவேண்டிய சொல், "எதிர்ப்பு காட்டவில்லை என்றால்". சம்மதம் சொல்லமுடியாதவர் எதிர்த்தால் கதை அங்கேயே முடிந்தது, மகன் என்ன சொன்னாலும்.

கடலூர், புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் ஆட்சி மாறுவதையும் நினைவில் வையுங்கள். கடலூர் இல்லத்துக்குத் தமிழ்நாட்டு ஆணையம், புதுச்சேரி இல்லத்துக்கு அந்த யூனியன் பிரதேசத்தின் ஆணையம்.

புரிந்துதான் சம்மதம் சொன்னார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அவர்களையே திருப்பிச் சொல்லவைக்கவேண்டும். ஒரு பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"ஆயா, நாங்க என்ன செய்யப்போறோம், நீங்களே சொல்லுங்க பாப்போம்."

"ஏதோ மாத்திரை குடுப்பீங்க தம்பி. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"வேணாம்னு சொன்னா என்ன ஆகும் ஆயா?"

"அய்யோ, அப்படியெல்லாம் சொல்வனா? அப்புறம் இங்கேருந்து அனுப்பிட்டா எங்க போவேன்?"

இந்த ஆயா கைநாட்டு வைத்தாலும் அது சம்மதம் ஆகாது. மருந்தைப் பற்றி அவர் தப்பாகச் சொன்னால்கூட இன்னொரு முறை விளக்கிவிடலாம். மறுத்தால் இடம் போய்விடும் என்ற எண்ணம் இருக்கும்வரை ஆமாம் என்பதற்கு மதிப்பே இல்லை. முதலில் அந்தப் பயத்தைப் போக்கவேண்டும். அதை ஆய்வாளரால் போக்கமுடியாது. இல்லத்தின் நிர்வாகிதான் அவர் எதிரில் உட்கார்ந்து, "நீங்க சேர்ந்தாலும் சேராட்டியும் உங்க கட்டில் உங்களுக்குத்தான்" என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டு எழுந்து போய்விடவேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால்?

ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முழு நேரமும் கூட இருந்து, விளக்கியது சரிதான் என்று கையெழுத்துப் போடவேண்டும். இல்லத்தின் சிஸ்டரைச் சாட்சியாக உட்காரவைப்பது எனக்குப் பிடிக்காது. தகவல் தாள் தமிழில் இருக்கவேண்டும். அகராதித் தமிழில் எழுதிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். பாதிப்புக்கு ஆளாகக்கூடியவர்களிடம் புத்தம்புது மூலக்கூறு மருந்தைச் சோதித்தால், ஒப்புதல் வாங்குவதை முழுவதும் வீடியோவில் பதிவு செய்யவேண்டும். 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் பயனாக வந்த விதி இது. எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துகளுக்கு மட்டும் குரல் பதிவு போதும்.

சம்மதம் சொன்னார். இப்போது மாத்திரையைத் துப்புகிறார். தொடரலாமா?

மாத்திரையைத் துப்புவது, கையைத் தட்டிவிடுவது, ரத்தம் எடுக்க வருபவரைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பது, மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துவைப்பது எல்லாமே பதில்தான். ஒருநாள் வயிறு சரியில்லாமல் துப்பியிருக்கலாம், நாளைக்குக் கேளுங்கள். திரும்பத் திரும்ப என்றால் நிறுத்தவேண்டும். சாதத்தில் பிசைந்து ஊட்டிவிடுவது, வாழைப்பழத்தில் வைத்துக் கொடுப்பது என்று நம் இல்லங்களில் இருக்கும் பழக்கத்தை ஆய்வு மருந்துக்குக் கொண்டுபோகவே கூடாது. விலகுவதற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. விலகினால் வழக்கமான சிகிச்சை குறையக்கூடாது.

நெறிமுறைக் குழு என்பது என்ன? கடலூர் இல்லத்துக்குப் புதுச்சேரிக் குழு அனுமதி தரலாமா?

குறைந்தது ஏழு பேர். அதில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள். தலைவர் வெளியாள். ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு பெண், என்னைப்போல ஒரு சாதாரண ஆள் கட்டாயம். ஆய்வு நடக்கும் இடத்துக்குச் சொந்தக் குழு இல்லாவிட்டால், அதே ஊரில் அல்லது 50 கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் வேறு பதிவுபெற்ற குழு அனுமதி தரலாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அதில் பாதித் தூரம்கூட இல்லை என்பதால், தரலாம்.

நம் பக்கம் இன்னொன்றும் உண்டு. கோரிமேடு ஜிப்மர் தொடங்கி இங்கே மருத்துவக் கல்லூரிகள் நிறைய. இல்லங்களைத் தேடி வரும் ஆய்வு, கம்பெனி மருந்தைவிட, மேல்படிப்பு மாணவரின் ஆய்வேடாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மருந்துதான், படிக்கிற பிள்ளைதான் என்று இளக்கம் காட்டவேண்டாம். அதற்கும் குழு அனுமதி வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் அதற்கும் பொருந்தும்.

ரத்தம் எடுப்பதும் கேள்வி கேட்பதும் மட்டும்தான் என்கிறார்கள்.

அதுவும் ஆய்வுதான். மனநலச் சட்டம், பேட்டி எடுப்பதைக்கூடச் சேர்த்துத்தான் சொல்கிறது.

ஆய்வு உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007-ல் தொடங்கியது. 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளை அதில் பதிவது கட்டாயம். இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அந்தப் பதிவேட்டின் எண்ணான சி.டி.ஆர்.ஐ. எண்ணைக் கேளுங்கள். பதிவில் எந்த மருத்துவமனை, எத்தனை பேர், எந்த வயது என்று இருக்கும். "65-க்கு மேல் சேர்க்கக்கூடாது" என்று அங்கே போட்டிருக்க, 78 வயது அம்மாவைக் கேட்டு வந்தால் விசாரிக்கவேண்டிய விஷயம்.

பணம் தருவார்களா?

போக்குவரத்துச் செலவு, கூட வருபவரின் ஒருநாள் கூலி, சாப்பாடு ஆகியவை நியாயம். ஆசைகாட்டும் அளவுக்குத் தொகை இருக்கக்கூடாது. நான் அதிகம் கவலைப்படுவது இல்லத்துக்குப் போகும் "நன்கொடை" பற்றி. இன்வெர்ட்டர், வாட்டர் ஹீட்டர், ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று கவர். ஆள் சேர்க்கச் சேர்க்க இல்லத்துக்கு வருமானம் கூடும் என்றால் வார்டன் புரோக்கர் ஆகிவிடுகிறார். இல்லத்துக்கு என்ன போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். அது குழுவுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

உயிருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு ஏதாவது நேர்ந்தால், தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வு மருத்துவர் மத்திய மருந்து உரிம ஆணையத்துக்கும், ஆய்வை நடத்தும் கம்பெனிக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் சொல்லவேண்டும். ஆய்வினால் வந்த பாதிப்புக்குச் சிகிச்சை இலவசம். ஆய்வினால்தான் இறப்பு என்று முடிவானால் நஷ்டஈட்டுக்கு 2019 விதிகளில் சூத்திரமே இருக்கிறது. அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். அதை வயதுக்கான எண்ணாலும் நோயின் தீவிரத்துக்கான எண்ணாலும் பெருக்கி 99.37-ஆல் வகுப்பார்கள். 65 வயதைத் தாண்டியவருக்கு வயதுக்கான எண்ணும் அதே 99.37. ஆக, மிஞ்சுவது 8 லட்சமும் நோயின் தீவிரமும்தான். ஆறு மாதத்துக்குமேல் இருக்கமாட்டார் என்ற நிலையில் இருந்தவருக்கு 0.5, அதாவது 4 லட்சம். நோய் இல்லாத ஆரோக்கியமானவருக்கு 4, அதாவது 32 லட்சம். ஒரு மாதத்துக்குள் இறப்பு ஏறக்குறைய நிச்சயம் என்றிருந்தவருக்கு நேராக 2 லட்சம். இதே கணக்கில் 25 வயதுக்காரருக்கு இரண்டு மடங்குக்கு மேல் வரும். சம்பாதிக்கும் வயதை வைத்துப் போட்ட கணக்கு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஆனால் விதி அதுதான்.

முதியோர் இல்லங்களில் இதற்கு ஒரு தனிச் சிக்கல். "வயசாயிடுச்சு, போய்ட்டாங்க" என்று விஷயம் முடிந்துவிடும். விழுந்தது, சாப்பாடு இறங்காமல் போனது, பகலெல்லாம் தூங்கியது எல்லாம் மருந்தினாலா முதுமையாலா என்று பிறகு சொல்லவே முடியாது. அதனால் ஆய்வு தொடங்கும் முன் வாரத்திலேயே எடை, நடை, தூக்கம், எத்தனை இட்லி சாப்பிடுகிறார் என்பதுவரை எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

இல்ல ஊழியர்கள் என்ன செய்யவேண்டும்?

ஆய்வு மருந்து வழக்கமான மாத்திரை டப்பாவில் கலக்கக்கூடாது. தனிப் பெட்டி, தனிச் சாவி, கொடுத்த நேரமும் மிச்சமும் எழுத ஒரு நோட்டு. கொடுக்கத் தவறினால் தவறியது என்றே எழுதவேண்டும், டிக் போட்டு நிரப்பக்கூடாது. இரவு ட்யூட்டி ஆயாம்மாவுக்கும் ஆய்வு நடப்பது தெரியவேண்டும், ஏனென்றால் ராத்திரி இரண்டு மணிக்குக் கூட இருப்பது அவர்தான். இந்த வேலைக்கெல்லாம் ஆய்வுப் பணத்திலிருந்து கூலி தரவேண்டும். இருக்கிற மூன்று பேர் தலையிலேயே கட்டினால் பராமரிப்புதான் கெடும்.

நாட்டு மருந்தையும் சொல்லச்சொல்லுங்கள். கஷாயம், லேகியம், மகள் கொண்டுவந்து தலையணைக்கடியில் வைத்த சூரணம், எதுவும் விடக்கூடாது.

ஒவ்வொருவராக இல்லாமல் இல்லம் முழுவதையும் ஆய்வில் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள். அமெரிக்காவில் 2013–14 ஃப்ளூ பருவத்தில் 823 முதியோர் இல்லங்களைக் குலுக்கல் போட்டு, சிலவற்றில் வீரியம் கூடிய தடுப்பூசியையும் சிலவற்றில் வழக்கமானதையும் கொடுத்துப் பார்த்தார்கள். வீரியம் கூடியது போட்ட இல்லங்களில் மூச்சுக்கோளாறால் ஆஸ்பத்திரி போனவர்கள் குறைவு. கொரோனா காலத்தில் அங்கே ஓர் ஆய்வுக்கு வண்டியையே நடமாடும் ஆய்வகமாக மாற்றி இல்ல வாசலில் நிறுத்தினார்கள். முதியவரை அலைக்கழிக்காமல் ஆய்வு அவரிடம் போவது நல்ல ஏற்பாடு. கடலூரிலிருந்து காலை பஸ் பிடித்துக் கோரிமேட்டில் வரிசையில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனாலும், இல்லமே சேர்ந்துவிட்டது என்பதற்காக ஒரு கட்டிலில் இருப்பவர் வேண்டாம் என்று சொல்லும் உரிமை போகாது.

ஆய்வு முடிந்ததும் மருந்து நின்றுவிடுமா?

பொதுவாக நின்றுவிடும். ஆனால் அந்த மருந்தால் நன்மை கிடைத்து, வேறு சிகிச்சையும் இல்லை என்று ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து, குழுவும் ஒப்புக்கொண்டால், கம்பெனி இலவசமாகத் தொடர்ந்து தரவேண்டும். இதைச் சேரும்போதே கேட்டு எழுதிவாங்குங்கள்.

புகார் யாரிடம் சொல்வது?

ஒப்புதல் படிவத்தின் ஒரு நகல் உங்கள் கைக்கு வரவேண்டும். அதில் நெறிமுறைக் குழுவின் செயலாளர் பெயரும் போன் எண்ணும் இருக்கும். முதலில் அங்கே பேசுங்கள். ஆய்வு மருத்துவரைத் தாண்டிப் போகிறோமே என்ற தயக்கம் வேண்டாம், அந்த எண் அதற்காகத்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. புது மருந்து ஆய்வாக இருந்து, குழுவும் பதில் சொல்லவில்லை என்றால் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு எழுதலாம். அதன் தென்மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது. மனுவில் சி.டி.ஆர்.ஐ. எண்ணைக் குறிப்பிடுங்கள், படிவ நகலை இணையுங்கள். நகலே தரவில்லை என்றால் அதுவே முதல் புகார்.